முறுக்கிக்கொண்ட பாட்டில்

செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தால், இலை போடுவதற்கு முன்னாலேயே ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அந்த மேஜையில் எங்கள் பாட்டில் நிற்க வேண்டும், வாசலில் வரும்போதே அது எங்களுடையது என்று தெரிய வேண்டும். 2019-ல் எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதற்கு எட்டு லட்சத்துச் சொச்சமும் ஒரு முழு சீசனும் போயின. பாட்டில் செய்வது பற்றித் தமிழில் யாராவது நாலு வரி எழுதி வைத்திருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். அந்த நாலு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன், கொஞ்சம் நீண்டுவிட்டது.

தண்ணீர் வியாபாரத்தை ஆரம்பித்தது அப்பா. செங்கோட்டைக்கு வெளியே ஒரு ஷெட், ஒரு போர்வெல், ஒரு பாக்கெட் மெஷின். குற்றாலத்தில் சாரல் விழும் மூன்று மாதமும், கார்த்திகை பிறந்து ஐயப்பமார் வண்டிகள் வரிசைகட்டி ஆரியங்காவு ஏறும் இரண்டு மாதமும்தான் எங்களுக்கு வருஷம். மீதி ஏழு மாதமும் அந்த ஐந்து மாதத்தைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். 2019 ஜனவரி 1-ம் தேதி தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தபோது தண்ணீர் பாக்கெட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆறு மாதம் முன்னாலேயே அறிவித்திருந்தார்கள். "எத்தனை தடையப் பாத்தாச்சு"ன்னு அப்பா அசையவில்லை. பொங்கலுக்குள் மெஷின் நின்றது. அப்பாவுக்கு ஏற்கெனவே பைபாஸ் ஆகியிருந்தது, தம்பி ஷார்ஜாவில். கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என் கையில் ஷெட் சாவி வந்தது. பங்குக்குச் சித்தப்பா இருந்தார். அவர் பங்கு பெரும்பாலும் யோசனை சொல்வது.

பாட்டிலுக்கு மாறுவது என்று முடிவானது. லோன் போட்டு, ஊதும் மெஷினும் கழுவி நிரப்பி மூடும் மெஷினும் வாங்கினோம். ஐஎஸ்ஐ உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், நிலத்தடி நீர் அனுமதி என்று அலைந்த கதை தனி. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பாட்டில் வடிவத்துக்குத்தான் யாரும் இல்லை. மெஷின்காரரே ஒரு சாதாரண மோல்டு, அதாவது பாட்டிலுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, தருவதாகச் சொன்னார். நேரான உடம்பு, குறுக்கே வரி, நடுவில் லேபிளுக்குச் சமதளம். பத்துக் கம்பெனி அதே பாட்டிலில்தான் விற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஐந்தருவி விழுகிற மாதிரி, தோளிலிருந்து அடிவரைக்கும் சுற்றிச் சுழன்று இறங்கும் ஆழமான வரிகள், நடுவில் கைக்கு அடக்கமாக ஒரு இடுப்பு. இதுதான் என் மனதில் இருந்தது. சித்தப்பாவுக்குப் பாட்டில் இளநீலமாக இருக்க வேண்டும் என்று ஆசை. சின்ன பாட்டில் நிறமில்லாமல் உள்ளே தெரிகிற மாதிரிதான் இருக்க வேண்டும் என்பது விதி என்று உரிமத்துக்கு உதவிய ஆலோசகர் சொன்னதால் அது அங்கேயே நின்றது. என் ஆசைக்கு விதியில் தடை இல்லாமல் போனதுதான் வினை.

தெரிந்த பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தான், இருபத்தைந்தாயிரம். 3டி பிரிண்டில் ஒன்று எடுத்தும் வந்தான். கையில் வாங்கியபோது நிஜமாகவே கண் கலங்கியது, அவ்வளவு அழகு. மேஜையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? அதன் சுவர் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். கடைக்குப் போகும் பாட்டிலின் சுவர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 3டி பிரிண்டில் பார்க்க வேண்டியது கைப்பிடியும் உயரமும் மட்டும்தான். பலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பலம் பார்க்க வேண்டும் என்றால் ஒரு தடவைக்கு ஒரு பாட்டில் மட்டும் வரும் ஒற்றைக் குழி சோதனை மோல்டு ஒன்று அடித்து, நாம் வாங்கப்போகும் அதே கிராம் ப்ரீஃபார்மில் (ஊதிப் பாட்டிலாக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய்) ஐம்பது பாட்டில் ஊதிப் பார்க்க வேண்டும். நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். வீண் செலவு என்று நினைத்து நேராக இரட்டைக் குழி மோல்டுக்கே ஆர்டர் கொடுத்தேன். 2,10,000 ரூபாய்.

மோல்டு வந்து முதல் பாட்டிலை ஊதியதுமே மூன்று விஷயம் தெரிந்தது. ஒன்று, அகலம். இடுப்பு ஒடுங்கினால் ஒரு லிட்டர் கொள்ள வேறெங்காவது விரிய வேண்டும் இல்லையா? தோள் 84 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. சாதாரண பாட்டிலைவிட எட்டு மில்லிமீட்டர் கூடுதல். எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நிரப்பும் மெஷினில் பாட்டிலைப் பிடித்துத் திருப்பும் சக்கரங்கள் எல்லாம் பாட்டில் விட்டத்துக்குத்தான் வெட்டியிருப்பார்கள். அதை மாற்ற 85,000. பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஒரு கேஸில் நாலு பாட்டில் வரிசைக்கு 32 மில்லிமீட்டர் கூடி, வண்டியில் ஒரு அடுக்குக்கு ஏறும் கேஸ் குறைந்தது. இரண்டு, கொள்ளளவு. வரிகள் ஆழமாக இருந்ததால் உள்ளே இடம் குறைந்து, ஒரு லிட்டர் ஊற்றினால் தண்ணீர் கழுத்தில் நின்றது. திறக்கும்போது சட்டையில் கொட்டும். குறைத்து ஊற்றினால் எடையளவு சட்டத்தில் மாட்டுவோம். மோல்டைத் திருப்பி அனுப்பிக் கொஞ்சம் குடைந்து வாங்கினோம், மூன்று வாரம் போனது. மூன்று, லேபிள் ஒட்டும் சமதளம் நான் லேபிள்காரரிடம் சொன்ன உயரத்தைவிட ஆறு மில்லிமீட்டர் குறைவு. லேபிளின் மேல் ஓரம் வரியில் ஏறி, அவசரத்தில் கட்டிய சேலைக் கொசுவம் மாதிரி சுருங்கி நின்றது.

லேபிள் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோல்டும் மெஷினும் ஒத்துப்போய் உண்மையான பாட்டில் கையில் வரும்வரைக்கும் லேபிள் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். நிறத்துக்கு ஒரு அச்சு சிலிண்டர் வெட்டுவார்கள், குறைந்தபட்ச எடைக்கு அடித்துத்தான் தருவார்கள். நான் குற்றாலத்தின் பெயரையே பிராண்டில் வைத்து, பேரருவிப் படம் போட்டு, பெரிய எழுத்தில் 'மினரல் வாட்டர்' என்று அடித்துவிட்டேன். ஆலோசகர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி லேபிளைப் பார்த்தார். நாம் எல்லோரும் வாய் நிறைய மினரல் வாட்டர் என்கிறோம், ஆனால் போர் தண்ணீரைச் சுத்திகரித்து அடைப்பது ஐஎஸ் 14543 தரத்தில் வரும் பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர். இயற்கை மினரல் வாட்டருக்கு ஐஎஸ் 13428 என்று தனித் தரம், அது ஊற்றிலிருந்தோ அந்த மாதிரி மூலத்திலிருந்தோ எடுத்து அதன் இயல்பு மாறாமல் அடைப்பது. மினரல் வாட்டர் என்ற பெயரைப் போர் தண்ணீர்மேல் போடக் கூடாது. ஒரு ஊரின் பெயர் பிராண்டில் வர வேண்டும் என்றால் தண்ணீர் அந்த ஊரிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன தன்மை என்பதில் வாங்குபவரைக் குழப்பும் படமும் கூடாது. எங்கள் போரில் வரும் தண்ணீர் பேரருவியில் பிடித்தது இல்லையே. பெயர், படம், வாசகம் மூன்றும் போயின. இது போதாதென்று லேபிளில் முகவரி திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஜூலையிலேயே அறிவித்ததுதான், செய்தியில் நானே பார்த்துச் சந்தோஷப்பட்டதுதான். லேபிளையும் அதையும் சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. புது லேபிளும் சேர்த்து இந்தக் கணக்கில் 1,40,000.

எப்படியோ கார்த்திகை ஒன்றுக்குள் சரக்கு தயார். சபரிமலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் மலைமேல் வியாபாரம் கிடையாது, ஆனால் செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகப் போகும் பாதையில் டீக்கடைக்கு டீக்கடை தண்ணீர் ஓடும். முதல் வாரத்தில் 407 வண்டியில் ஐந்து லோடு, 1,200 கேஸ், புனலூர் விநியோகஸ்தருக்குப் போனது. அவர் அப்பாவுக்குப் பழக்கமான வயதான மனிதர், மலையாளி. மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "மோளே, நீ ஒந்நு இவிடம் வரெ வரணும்." அவ்வளவுதான் சொன்னார். என்னவென்று கேட்டும் சொல்லவில்லை.

டிரைவர் தம்பியோடு புளியரை தாண்டி, எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று போய்ச் சேரும்வரைக்கும் தண்ணீரில் ஏதோ நாற்றம் அல்லது பூச்சி என்றுதான் நினைத்துப் பயந்துகொண்டே போனேன். குடோனில் எட்டு அடுக்காக அடுக்கியிருந்தார்கள். கீழே இரண்டு அடுக்கில் ஒரு பாட்டிலும் நேராக இல்லை. ஈரத் துணியைப் பிழிந்து பாதியில் விட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒவ்வொன்றும் ஒரே திசையில் முறுக்கிக்கொண்டு குனிந்திருந்தது. மேலே இருந்த அடுக்குகள் அதன்மேல் சாய்ந்து, சுவரில் முட்டி நின்றன. சில மூடிகளில் கசிந்து தரை முழுக்க ஈரம், லேபிள்கள் தரையில் ஒட்டிக் கிடந்தன. நான் ஒரு பாட்டிலை எடுத்தேன். தோளைப் பிடித்து எதிர்த்திசையில் திருகினால் டக் என்ற சத்தத்தோடு நேரானது. கையை விட்டால் மறுபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டது. பெரியவர் கோபப்படவே இல்லை. "குடிக்கான் கொள்ளாம்", குடிக்க நல்லாத்தான் இருக்கு என்று ஒரு பாட்டிலைத் திறந்து குடித்துக் காட்டினார். அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன். திரும்பி வரும்போது தென்மலை வரைக்கும் டிரைவர் தம்பி ரேடியோவைப் போடவில்லை. அப்புறம், "அக்கா, சுருள் கம்பிய மேலருந்து அமுக்குனா சுத்தத்தானக்கா செய்யும்"னு சொன்னான். டிசைன் போட்டவன், மோல்டு அடித்தவன், நான், யாருக்கும் தோன்றாதது.

அவன் சொன்னதுதான் சரி. மெஷின் கம்பெனியிலிருந்து வந்த பழைய ஆபரேட்டர் ஒருவர் அதையே விவரமாகச் சொன்னார். குறுக்கே போகும் வரி கை அமுக்குவதைத் தாங்கும், ஆனால் ரொம்ப ஆழமானால் மேலிருந்து பாரம் வரும்போது துருத்தி மாதிரி மடங்கும். நேர் வரி பாரம் தாங்கும். சாய்ந்து சுற்றும் ஆழ வரி, பாரத்தை முறுக்காக மாற்றிவிடும். எல்லா வரியும் ஒரே பக்கம் சுற்றினால் தடுக்க எதுவும் இல்லை. அவர் இன்னொன்றும் செய்தார். சூடான கம்பியால் ஒரு பாட்டிலைத் தோள், நடு, அடி என்று மூன்று துண்டாக அறுத்து, எதிர்க் கடையில் தங்கம் நிறுக்கும் தராசை வாங்கிவரச் சொல்லி ஒவ்வொரு துண்டாக நிறுத்தார். நாங்கள் போட்டது 19 கிராம் ப்ரீஃபார்ம். அதில் தோளிலும் அடியிலும் பிளாஸ்டிக் தேங்கிவிட்டு, முறுக்கு வரி இருக்கும் நடுப்பகுதிதான் இருப்பதிலேயே மெலிசு. ஆழமான வரிக்குள் போய்ப் படிய பிளாஸ்டிக் அவ்வளவு தூரம் இழுபட்டிருக்கிறது. இந்த மூன்று துண்டு நிறுவையை முதல் நாளே செய்யுங்கள். தராசு இருந்தால் பத்து நிமிஷ வேலை. கூடவே, நிரப்பிய கேஸை எட்டு அடுக்காக அடுக்கி ஷெட்டில் இரண்டு நாள் விடுங்கள், ஒரு கேஸை மொட்டை மாடி வெயிலில் வையுங்கள், நாலைந்து பாட்டிலை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள், கடைசியாக ஒரு கேஸை வண்டியில் ஏற்றி மலைப்பாதையில் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். செலவு டீசல் மட்டும்.

1,200 கேஸையும் திருப்பி எடுத்தேன், கேஸ் 90 ரூபாய் வைத்து 1,08,000. சீசன் நடுவில் புது மோல்டுக்கு நேரமில்லை, 23 கிராம் ப்ரீஃபார்ம் போட்டுச் சமாளித்தோம். வரி மாறாததால் முறுக்கு முழுக்கப் போகவில்லை, ஐந்து அடுக்குக்கு மேல் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு கடைக்கும் சொல்லி விற்றேன். கூடுதல் நாலு கிராமுக்குப் பாட்டிலுக்கு ஐம்பது காசு. ஏழரை ரூபாய்க்கு விற்கும் பாட்டிலில் எனக்கு நிற்பதே ஒரு ரூபாய்தான். இரண்டு லட்சத்து இருபதாயிரம் பாட்டிலுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் 1,60,000 கொடுத்து, மெஷின்காரர் முதலில் சொன்ன அதே சாதாரண மோல்டை வாங்கினேன். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும், "விடுட்டி, பாக்கெட்டு போனதுக்கு இது பெருசா"ன்னார். மார்ச்சில் ஊரடங்கு. அதே மாதம் கேரளாவில் பாட்டில் தண்ணீர் லிட்டருக்கு 13 ரூபாய் என்று அரசு விலை கட்டியது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இடைப்பட்ட காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பும் ஒவ்வொரு லோடுக்கும் எம்ஆர்பி பற்றி ஒரு சண்டை. கனமான பாட்டிலோடு அந்தக் காலத்தில் மாட்டியிருந்தால் ஷெட்டையே மூடியிருப்போம்.

எனக்கு இன்றுவரை ஆறாதது பணம் இல்லை, இனிமேல் சொல்லப்போவது. மோல்டு வந்த வாரமே, சந்தோஷத்தில், பாட்டிலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஆயுத பூஜைக்குச் சாமி முன்னால் வைத்துப் படம். உறவில் ஒரு கல்யாணத்துக்கு ஐந்நூறு பாட்டில் இலவசமாகக் கொடுத்தேன், ஊரே கையில் பிடித்துப் பார்த்தது. பிறகுதான் யாரோ சொல்லி, வடிவத்தைப் பதிவு செய்யலாம் என்று தெரிந்து வக்கீலிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "வெளிய யாருக்காவது காட்டிட்டீங்களாம்மா?" 2000-ம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் வடிவம் பொதுவில் வந்திருந்தால் அது புதியது இல்லை, பதிவுக்குத் தகுதி இல்லை. வெளியிட்டது நாமாகவே இருந்தாலும் அப்படித்தான். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் ரூபாய். பதிவானால் பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் ஐந்து வருஷம். ஆயிரம் ரூபாய் வேலையை ஒரு ஸ்டேட்டஸ் கெடுத்தது. பிராண்டு பெயரைப் பதிவு செய்தால் பாட்டில் வடிவமும் அதில் சேர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அது வேறு சட்டம், வேறு விண்ணப்பம்.

அதைவிட, மோல்டு கடைக்கு நான் கொடுத்த ஆர்டரில் "1 லிட்டர் பாட்டில் மோல்டு, 2 குழி" என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. வரைபடம் யாருடையது, அதே வடிவத்தை வேறு யாருக்கும் அடித்துத் தரக் கூடாது, ஃபைலை அழிக்க வேண்டும், இப்படி ஒன்றுமே எழுதவில்லை. முத்திரைத் தாளில் அரைப் பக்கம் போதும், கையெழுத்து வாங்கிய பிறகு வரைபடத்தை அனுப்புங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது எனக்கு. எல்லாரும் அண்ணன், தம்பி என்று பழகுகிற தொழிலில் எழுதிக் கொடுங்கள் என்றால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று.

நான் சொன்னதெல்லாம் 2019 விதிகள். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள், அடுத்த மாதமே பாட்டில் தண்ணீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து வருஷா வருஷம் ஆய்வு என்று கொண்டுவந்தார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அன்றைக்கு என்ன விதி என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். பாட்டில் முறுக்குவது எந்த விதியாலும் மாறாது.

போன மாசம் ஒரு விசேஷத்துக்காகக் கொல்லம் போய்விட்டுத் திரும்பும்போது, தென்மலையில் ஒரு பெட்டிக்கடையில் டீ குடிக்க நிறுத்தினோம். குளிர்பெட்டியில் என் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. அதே இடுப்பு, தோளிலிருந்து சுற்றி இறங்கும் அதே வரி, வேறு பெயர். இருபது ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். தோளையும் அடியையும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. கூர்ந்து பார்த்தால் வரி பாதி உயரத்தில் திசை மாறி எதிர்ப்பக்கம் சுற்றியது. தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலி பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து தராசில் வைத்தேன். மூடி இல்லாமல் 19 கிராம்.